முதிர்ந்த ஒற்றைத் தோட்ட கேபர்னே ஒயின்: சுவைப்பதும் மதிப்பிடுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நாங்கள் ஆறு பேர், ஆண்டுக்கு இரண்டு முறை பணம் போட்டு ஒரு பழைய பாட்டில் வாங்குகிறோம். பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் கேபர்னே சோவின்யோன், அதே பெயருள்ள திராட்சையிலிருந்து வரும் சிவப்பு ஒயின். அதிலும் ஒரே தோட்டத்தின் பெயரைத் தாங்கியது. தனி ஒருவரின் சட்டைப்பை தாங்கும் விலையல்ல என்பதால்தான் இந்தக் கூட்டு. புதிதாக வந்து உட்காருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

லேபிளில் தோட்டத்தின் பெயர் இருந்தால் அதற்கு என்ன பொருள்?

அமெரிக்கச் சட்டப்படி தோட்டத்தின் பெயரை அச்சிட வேண்டுமானால், திராட்சையில் குறைந்தது 95 விழுக்காடு அந்தத் தோட்டத்தில் விளைந்திருக்க வேண்டும். ‘நாபா பள்ளத்தாக்கு’ என்று ஒயின் வட்டாரத்தின் பெயரை மட்டும் போட 85 போதும். ஆனால் ‘கேபர்னே சோவின்யோன்’ என்ற பெயருக்கு அந்தத் திராட்சை 75 விழுக்காடு இருந்தாலே போதும். ஆகவே ஒற்றைத் தோட்டம் என்றால் ஒற்றைத் திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள். சாண்டா குரூஸ் மலைமேல் இருக்கும் ரிட்ஜ் நிறுவனத்தின் மான்டெ பெல்லோ ஒரே தோட்டம்தான். அதில் மெர்லோ, பெட்டி வெர்டோ போன்ற வேறு திராட்சைகளும் ஆண்டுக்கு ஆண்டு வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். நாபாவில் ஓக்வில் பகுதியிலிருந்து ஹைட்ஸ் நிறுவனம் எடுக்கும் மார்த்தாஸ் வின்யார்டு முழுக்க முழுக்க கேபர்னே.

பல தோட்டங்களைக் கலப்பவருக்கு ஒரு வசதி உண்டு. ஓரிடத்தில் பழம் சரியாகப் பழுக்காவிட்டால் இன்னோரிடத்துப் பழத்தால் மூடிவிடலாம். ஒற்றைத் தோட்டத்தில் அந்தப் போர்வை கிடையாது. அந்த ஆண்டின் மழையும் வெயிலும் அப்படியே பாட்டிலுக்குள் போய்விடும். இருபது ஆண்டு கழித்துத் திறந்து பார்ப்பதில் சுவாரசியம் அதனால்தான்.

எத்தனை வயதானால் ‘முதிர்ந்தது’ என்று சொல்லலாம்?

நல்ல தோட்டம், நல்ல ஆண்டு என்றால் பதினைந்தில் தொடங்கும். இருபதிலிருந்து முப்பது வரை பொற்காலம். நாற்பதைத் தாண்டினால் சீட்டுக் குலுக்கல். விற்பனையாகும் கேபர்னேயில் பெரும்பகுதி இந்தக் கணக்கிலேயே வராது. பத்தாண்டுக்குள் குடித்துவிட வேண்டியவை அவை. வைத்தால் எல்லா ஒயினும் மேலாகும் என்று யாரோ பரப்பிய நம்பிக்கையால் வீணாகிப்போன பாட்டில்கள் எத்தனையோ.

கலிஃபோர்னியா ஒயின் நீண்ட நாள் தாங்காது என்கிறார்களே?

ஐம்பது ஆண்டுப் பழைய குற்றச்சாட்டு அது, விடையும் கிடைத்துவிட்டது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஆங்கிலேய ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு சுவைப்புப் போட்டி நடத்தினார். ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள், லேபிள் தெரியாமல், இருபதுக்கு மதிப்பெண் போட்டார்கள். சிவப்பு ஒயினில் முதலிடம் பெற்றது நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் நிறுவனத்தின் 1973 அறுவடைக் கேபர்னே. அது நிறுவனர் வாரன் வினியார்ஸ்கி 1970இல் நட்ட தோட்டத்தின் பழம். கொடிகளுக்கு அப்போது மூன்று வயது! மூட்டோன் ரோத்ஷீல்டு, மோன்ட்ரோஸ், ஓ-பிரியோன் ஆகிய பிரான்சின் போர்டோ வட்டார ஒயின்களின் 1970 அறுவடைகள் அதற்குப் பின்னால் நின்றன. மான்டெ பெல்லோ 1971 ஐந்தாவது, மார்த்தாஸ் வின்யார்டு 1970 ஏழாவது.

உடனே ஒரு சமாதானம் எழுந்தது: போர்டோ ஒயின் பிஞ்சில் இறுக்கமாக இருக்கும், முப்பது ஆண்டு கழித்துப் பாருங்கள், அது நிற்கும், இது படுத்துவிடும். சரி என்று 2006இல் அதே நாளில் லண்டனிலும் நாபாவிலுமாக அதே சிவப்பு ஒயின்களை மறுபடி திறந்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே. உச்சியில் மான்டெ பெல்லோ 1971.

இதில் நான் கவனிப்பது வேறொன்றை. 1976இல் ஐந்தாவதாக இருந்தது 2006இல் முதலாவது. இளமையில் எடுக்கும் மதிப்பெண் முதுமைக்குச் சாட்சியாகாது. அந்த மான்டெ பெல்லோ சத்தம் போடாத ஒயின். இன்று நாபாவில் சர்வசாதாரணமாகிவிட்ட 14 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹால் அதில் கிடையாது. இன்றைய கனத்த ஒயின்கள் நாற்பது வயதில் எப்படி இருக்கும் என்று கேட்டால், என் பந்தயப் பணத்தை நான் அவற்றின்மேல் வைக்க மாட்டேன்.

பழைய பாட்டில் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஒயினின் மட்டம். கார்க்குக்கும் ஒயினுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் ஆண்டுகள் ஏற ஏறப் பெருகும். கழுத்துக்குள் மட்டம் நின்றால் நல்லது. கழுத்தின் அடியில் இருந்தால், இருபத்தைந்து வயதுக்கு மேல் ஏற்கலாம். தோளின் நடுவுக்கு இறங்கிவிட்டால் காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். இலவசமாகக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள். மேலுறையில் ஒயின் கசிந்த பிசுபிசுப்பு, கார்க் வெளியே துருத்தியிருப்பது ஆகிய இரண்டும் பாட்டில் சூடு பட்டதற்கான அடையாளம்.

லேபிள் அழுக்காக இருந்தால் கவலை வேண்டாம். ஈரமான நிலவறையில் படுத்திருந்த பாட்டிலின் லேபிளில் பூஞ்சை பிடிப்பது இயல்பு. எனக்கு உண்மையிலேயே பயம் தருவது பளபளப்பான லேபிள்தான். ஒருமுறை ஒரு கடையில் 1980களின் நாபா பாட்டில் ஒன்று நேற்று ஒட்டிய மாதிரி லேபிளோடு, ஜன்னல் வெயிலில் நிமிர்ந்து நின்றது. மட்டம் நன்றாகவே இருந்தது. ஆசை கண்ணை மறைத்தது. திறந்தால் வேகவைத்த திராட்சைச் சாறு. உலர்திராட்சைப் பாயசம் அடிபிடித்த வாசனை. ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதன்பிறகு விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, விலை அல்ல. இது இத்தனை நாள் எங்கே இருந்தது?

இன்னொன்று: லேபிளில் பெயர் ஒன்றாக இருந்தாலும் கொடி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பைலோக்செரா என்னும் வேர்ப்பூச்சி 1980களிலும் 1990களிலும் நாபாவைத் தின்றது. மார்த்தாஸ் வின்யார்டும் 1990களின் தொடக்கத்தில் புதிதாக நடப்பட்டது. இடையில் சில ஆண்டுகள் அந்தப் பெயரில் ஒயினே வரவில்லை. 1974ஐயும் 1997ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இதை மறந்துவிட்டு ‘ஒயின் செய்யும் முறை மாறிவிட்டது’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

சென்னையில் வீட்டிலேயே வைத்து முதிரச் செய்யலாமா?

12 முதல் 14 பாகை செல்சியஸ் வரை, ஏறி இறங்காமல், இருட்டில், அசைவில்லாமல் வைக்கும் வசதி இருந்தால் செய்யலாம். அலமாரியில் என்றால் முடியாது. ஒரே ஒரு சித்திரை போதும், கதை முடிந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி? மின்வெட்டும் அதிர்வும் ஒயினைக் கெடுக்கும், வறட்சி கார்க்கைச் சுருக்கிவிடும். ஓரிரு மாதத்துக்குப் பரவாயில்லை.

திறக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

படுத்திருந்த பாட்டிலை ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு மூன்று நாள், நிமிர்த்தி வையுங்கள். இளம் ஒயினின் நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும் காலப்போக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, மண்டியாகப் படிகின்றன. மண்டி அடியில் இறங்க வேண்டும்.

பழைய கார்க் பிட்டு மாதிரி உதிரும். சாதாரணத் திருகாணி நடுவில் துளை போட்டுவிட்டுக் கையோடு வந்துவிடும். இரண்டு தகடுகளைப் பக்கவாட்டில் செருகி இழுக்கும் ‘ஆ-சோ’ திறப்பான் நல்லது. பொறுமையைத் தவிர வேறு வித்தை இதில் இல்லை. உதிர்ந்துவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது; மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

பிறகு இறுத்தல். ரசத்தைத் தெளிவாக இறுத்துப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டிலின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, ஒரே சீராக, நிறுத்தாமல் சாய்த்து ஊற்றுங்கள். மண்டியின் முதல் இழை கழுத்தை நெருங்கும்போது நிறுத்துங்கள். இடையில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும்.

எவ்வளவு நேரம் காற்றாட விட வேண்டும்?

இளம் கேபர்னேயை இரண்டு மூன்று மணி நேரம் விடுவார்கள். முப்பது வயது ஒயினை அப்படி விட்டால் மணமெல்லாம் அறைக்குப் போய்விடும்; உங்களுக்கு மிஞ்சாது. இறுத்த உடனே சிறிதளவு ஊற்றி முகர்ந்து பாருங்கள். திறந்தவுடன் பூட்டிய அறையின் வாடை வரலாம். கால் மணி நேரத்தில் அது போய்விட்டால் குறையில்லை. போகாவிட்டால் வேறு விஷயம், கீழே வருகிறேன்.

சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலை’யில் குடிக்கச் சொல்கிறார்களே, அது எத்தனை?

16 முதல் 18 பாகை. ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளுடைய அறை அது. நம் அறை அல்ல. 28 பாகையில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும்.

நிறத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?

வெள்ளைத் தாளுக்கு மேல் கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இளமையில் நாவற்பழத்துக் கருநீலம், பிறகு மாதுளை, அதன்பிறகு விளிம்பு செங்கல் நிறமாகி, நாட்டு ஓட்டின் காவிக்குப் போகும். நடுவில் இன்னும் சிவப்பு நின்றால் உயிர் இருக்கிறது. நடுவும் பழுப்பானால் சந்தேகப்படுங்கள். அவ்வளவுதான் நிறம் சொல்லும். வெளிறிப் போயிருந்தும் அற்புதமாக மணந்த ஒயின்களைக் குடித்திருக்கிறேன்.

மணத்தை விவரிக்கும் சொற்கள் எனக்குப் புரிவதே இல்லை. என்ன செய்வது?

உங்கள்மேல் தவறில்லை. கேபர்னே என்றாலே ‘காசிஸ்’ என்பார்கள். அது கருந்திராட்சை அல்ல, ஐரோப்பியத் தோட்டத்துக் கறுப்புச் சிறுகனி. நம்மில் பலர் அதைச் சாப்பிட்டதில்லை; சாப்பிடாத பழத்தின் மணத்தை எங்கே போய்த் தேடுவது? நான் நாவற்பழம் என்று எழுதிக்கொள்கிறேன். அச்சாக அதுவல்ல, ஆனால் கறுத்த தோல், இனிப்புக்குப் பின்னால் வரும் துவர்ப்பு, நாக்கில் ஒட்டும் சாயம் எல்லாம் சேர்ந்து எனக்கு வழி காட்டுகின்றன. அடுத்த முறை அதே மணம் வந்தால் எனக்குத் தெரிகிறது. சொல்லுக்கு வேண்டிய வேலை அவ்வளவுதான்.

கேபர்னேயில் பச்சைக் குடைமிளகாய் மணம் வரும். பைரசின் என்ற வேதிப்பொருள் அதற்குக் காரணம். கேபர்னே ஃபிராங்குக்கும் சோவின்யோன் பிளாங்குக்கும் இயற்கையாக நேர்ந்த கலப்பில் பிறந்த திராட்சை இது என்று கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1997இல் மரபணு ஆய்வால் நிறுவினார்கள். பெற்றோர் இருவரிடமும் அந்தப் பச்சை மணம் உண்டு. பிள்ளை எங்கே போகும்! அளவோடு இருந்தால் அழகு. பழம் பழுக்காத ஆண்டில் அது மட்டுமே தெரியும். முப்பது ஆண்டு வைத்தாலும் அடங்காது.

முதிர முதிரப் பழம் பின்வாங்கும். அதன் இடத்தில் பென்சில் சீவிய துருவல், புகையிலை, பழைய தோல் பை, முதல் மழைக்குப் பின் மக்கிய இலை, காளான், உலர்ந்த அத்தி எல்லாம் வரும். பட்டியலை நீட்டுவது திறமையல்ல. பதினெட்டு மணங்களை எழுதுகிறவரைவிட, ‘அரைமணி நேரத்துக்கு முன் இருந்தது இப்போது இல்லை, புதிதாக ஒன்று வந்திருக்கிறது’ என்று சொல்கிறவரை நான் நம்புவேன்.

மார்த்தாஸ் வின்யார்டில் தைல வாசனை வருகிறதே, அது குறையா?

எங்கள் வட்டத்தில் முடியாத சண்டை இது. அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் யூகலிப்டஸ் மரங்கள் நின்றன. ஊட்டித் தைலத்தைத் திறந்து பத்தடி தள்ளி வைத்தால் என்ன வாசனையோ, அது ஒயினில் வரும். மரங்களிலிருந்து அது வந்ததென்பது பெரும்பான்மைக் கருத்து. இல்லை, அந்தக் கொடிகளின் குணமே அது என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் யூகலிப்டஸ் மரங்களை ஒட்டிய வரிசைகளின் ஒயினில் சினியோல் என்ற தைலப்பொருள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அறுவடைக் கூடைகளில் பழத்தோடு விழும் இலைகளும் பட்டைகளும் அதைப் பெரிதும் கூட்டுகின்றன.

அந்நிய மரத்தின் வாசனை திராட்சையின் குணமாகுமா என்று கேட்கிறார் ஒரு நண்பர்; கேட்டுவிட்டுக் கோப்பையை நீட்டுவார். என் நிலை இது: அந்தத் தோட்டத்துக்கு ஜோ ஹைட்ஸ் 1966 அறுவடையிலிருந்து தனி லேபிள் கொடுத்ததற்குக் காரணமே, அந்த ஒயின் மற்றவற்றோடு கலந்து கரைய மறுத்ததுதான். தைலம் மேலோங்கிப் பழத்தை மூடினால் குறை. பழம், புகையிலை, தைலம் மூன்றும் ஒன்றையொன்று விலக்காமல் நின்றால் அதுவே ஊரின் முகவரி.

உண்மையான கெடுதலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு: கார்க்கு நோய். ட்ரைகுளோரோஅனிசோல் என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும். நேரம் போகப் போகக் கூடும், குறையாது. பூட்டிய அறை வாடையிலிருந்து இதைப் பிரித்தறிய அதுவே சோதனை.

நகப்பூச்சு அழிக்கும் திரவம், காடி: ஆவியாகும் அமிலம். பழைய ஒயினில் துளி இருந்தால் மணத்தைத் தூக்கிக் கொடுக்கும். மூக்கைச் சுட்டால் போயிற்று.

குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி: பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். இதைக் ‘களிமண் வாசம், பழமையின் அழகு’ என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில் நுழைந்தாலும் அது ஒரே மாதிரிதான் நாறும். தோட்டத்தை அழித்துவிட்டு வருவதைத் தோட்டத்தின் சிறப்பென்று எப்படி ஏற்பது?

வாயில் எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கே தமிழ் நாக்குக்கு ஓர் அனுகூலம் உண்டு. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து வளர்ந்தவர்கள் நாம். வாழைப்பூவும் கடுக்காயும் நெல்லிக்காயும் தரும் துவர்ப்பு வேறு வேறு என்பது நமக்குத் தெரியும். கேபர்னேயை மதிப்பிடுவதில் பாதி அதுதான். இளம் கேபர்னே கடுக்காய். ஈறைப் பிடித்து இழுக்கும். நன்றாக முதிர்ந்தது பாலில்லாத நல்ல தேநீர்; துவர்ப்பு இருக்கும், உறுத்தாது. பழம் வற்றி, துவர்ப்பு மட்டும் மரத்தூள் மாதிரி மிஞ்சினால், காத்திருந்தது தப்பாகிவிட்டது.

அடுத்து புளிப்பு. முதுகெலும்பு அது. துவர்ப்பு ஆண்டுகளோடு மென்மையாகும், பழம் குறையும், புளிப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். விழுங்கிய அல்லது துப்பிய பின் எத்தனை நொடி சுவை நிற்கிறது என்று எண்ணுங்கள். எண்ணுவதோடு, நிற்பது எது என்றும் பாருங்கள். ஆல்கஹாலின் சூடு அரை நிமிடம் நின்றால் அது நீளம் அல்ல, எரிச்சல்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

டேவிஸ் பல்கலைக்கழகத்தின் இருபது புள்ளி அட்டை 1959 வாக்கில் உருவானது. குறை கண்டுபிடிக்க நல்ல கருவி. ஆனால் அதில் தெளிவுக்கும் நிறத்துக்கும் மட்டும் நான்கு புள்ளி. முதியவரை முகச்சுருக்கத்துக்காகத் தண்டிப்பது போல இருக்கிறது. நூறு புள்ளி முறை ஐம்பதில் தொடங்குகிறது. நடைமுறையில் எல்லாம் 88க்கும் 98க்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கும்.

நாங்கள் லேபிளை மூடி ஊற்றுகிறோம். இரண்டு மணி நேரத்தில் நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொருவரும் பேசாமல் எழுதுவோம். முதலில் பேசுகிறவர் மற்ற ஐவரின் மூக்கையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். நான் கேட்டுக்கொள்பவை மூன்று. ஒயின் உயிரோடு இருக்கிறதா? நான்கு ஊற்றலிலும் மாறிக்கொண்டே வந்ததா, அல்லது முதல் கோப்பையிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டதா? பழம் போன பிறகு தோட்டம் தெரிகிறதா? மூன்றாவதற்குத்தான் என்னிடம் பாதி மதிப்பெண். தோட்டத்தின் பெயருக்காகவே கூடுதல் பணம் கொடுத்தோம். தேவதாருவும் புகையிலையும் மட்டும் மணந்தால் அது எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம்.

வயதுக்கு மதிப்பெண் கிடையாது. லேபிளை மூடிய உறையைக் கழற்றி ஆண்டைப் பார்த்ததும் எல்லாருக்கும் பக்தி வந்துவிடும்; அதற்கு முன்பே தாளை வாங்கி வைத்துவிட வேண்டும். ஒரு பாட்டிலை வைத்து ஒயினுக்குத் தீர்ப்பும் எழுத வேண்டாம். ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு பாட்டில்கள், ஒன்று பாட்டும் மற்றொன்று பிலாக்கணமுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கார்க் தனித்தனி அல்லவா?

எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லலாமா?

தாராளமாக. முதிர்ந்த ஒயினின் சுவை பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று, பழகாமலும் வாழலாம். புதுப்பழத்தின் துள்ளல் பிடிப்பவர் ஐந்து வயது ஒயின் குடித்துவிட்டு மீதிப் பணத்தில் நல்ல செருப்பு வாங்கிக்கொள்ளட்டும்.

மட்டன் சுக்காவோடு குடிக்கலாமா?

வேண்டாம். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். மசாலாவுக்கு முன்னால் முப்பது வயது மணம் எடுபடாது. உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டுச் சுட்ட ஆட்டுக்கறி போதும். சுக்காவை ஒயின் முடிந்தபிறகு எடுத்து வாருங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

அடியில் நிற்கும் மண்டியைக் குடித்தால் ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது, கசக்கும், பல்லில் நறநறக்கும். கொட்ட மனம் வராததால் நான் அதைத் துணியில் வடிகட்டி மறுநாள் கறிக்குழம்பில் ஊற்றுகிறேன். கடைசியாக அப்படிப் போனது ஒரு மான்டெ பெல்லோவின் அரைக் கோப்பை. குழம்பில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.